தலைப்பெழுத்து

பிறப்புச் சான்றிதழில் என் பெயர் இல்லை.
தேதி இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது,
பாலினம் பெண் என்றிருக்கிறது.
குழந்தையின் பெயர் என்ற கட்டத்தில் மட்டும்
ஒரு சின்னக் கோடு,
பஸ்ஸில் இடம் பிடிக்கப் போட்ட கைக்குட்டை மாதிரி.

அம்மா வைக்க நினைத்தது ஒன்று,
அவர் வைக்க நினைத்தது வேறு.
அந்தச் சண்டை முடிவதற்குள் சான்றிதழ் வந்துவிட்டது.
சண்டை முடிந்தபோது அவர் வீட்டில் இல்லை.

பின்லாந்துக்காரர்களுக்குக் கோடு போதாது.

"இருபத்திரண்டு வருசமா பேரில்லாமலா இருந்தீங்க?"
மாநகராட்சியில் மூன்றாம் ஜன்னல்காரர் கேட்டார்.
கூப்பிட்டார்கள், திரும்பினேன் என்றேன்.
சிரித்தார்.
"பேர் சேர்க்க அப்பா அம்மா ரெண்டு ஒப்பமும் வேணும்.
திங்கக்கிழமை வாங்க, ரெண்டு மணிக்கு மேல."

பூங்கொடியை இங்கிலீஷில்
எத்தனை விதமாய் எழுதலாமென்று
அதுவரை நான் யோசித்ததில்லை.
ஆதாரில் ஜி.
பேங்க் புத்தகத்தில் கே.
என் மார்க்‌ஷீட்டில் ஓ ஒன்றைக் காணோம்.
மூவரும் ஒருவரே என்று
நாலு ரோட்டு நோட்டரி முத்திரை குத்தினார்.
அப்போது அந்த மூவரும்
ஜவ்வரிசி மில்லில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து
அவருடைய பெஞ்சில்
ஒரே தலையாய்ச் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

என் கணக்கில் இன்று பதினோரு லட்சம் இருக்கிறது.
செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவருடையது.
செலவழிக்க அல்ல, காட்ட.
அது சும்மா படுத்திருப்பதற்கு நூற்றுக்கு இரண்டு வட்டி.
ராத்திரியில் ஃபோனைத் திறந்து பார்ப்பேன்.
இருக்கும்.
அடுத்த வீட்டுப் பிள்ளை நம் பாயில் தூங்குவது போல
சத்தம் போடாமல் மூடிவிடுவேன்.
தட்டுவடை செட்டுக்கு முப்பது ரூபாய்
பர்ஸிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தேன்.

ஏற்காடு பஸ்ஸில்
கொண்டை ஊசி வளைவுகளை எண்ணவில்லை.
அரசாங்கமே எண்ணி எழுதி வைத்திருக்கிறது.

ஏரிப் படகுத் துறையில் சீட்டுக் கிழிக்கிறார்.
நான் போனபோது யாரோ ஒரு பையனுக்கு
மிதவைச் சட்டையின் வாரை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தார்,
மூச்சு முட்டுதா, முட்டுதா என்று கேட்டுக் கேட்டு.

படிவத்தை நீட்டினேன்.
ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார்.
புதிதாய் நிரப்பிய கட்டத்தை
எழுத்துக் கூட்டி வாசித்தார்.
"இதுதான் நின்னுச்சா?"
ஆமாம் என்றேன்.
தான் நினைத்திருந்த பெயரைச் சொல்வார் என்று
கொஞ்ச நேரம் நின்றேன்.
அம்மாவின் கையெழுத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்த்ததைவிட அதிக நேரம்.
"மாறவே இல்ல" என்றார்.
சீட்டுக் கிழிக்கும் மேஜையில் வைத்து
கணக்குப் பேனாவால் போட்டார்.
"குளிருமாமே அங்க."
குளிரும்.
அதற்குள் இரண்டு பெரியவர், ஒரு குழந்தை என்று
வரிசையில் யாரோ பணம் நீட்டினார்கள்.

இறங்கும்போது வளைவுகள் தலைகீழாய் வந்தன.
பதினெட்டு. பதினேழு.
பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயரைக்
காலியாக விட்டால் தொல்லை என்று
ஏஜென்ட் எழுதச் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது.
இங்கே எனக்கு அவர் ஓர் எழுத்து.
அ. பிறகு புள்ளி.
வருகைப் பதிவில்கூட டீச்சர்கள்
அதை விழுங்கிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.
அங்கே, பனிக்குள், ஏதோ ஓர் அலுவலகத்தில்
மிஸ் அர்த்தநாரி என்பார்கள்.
நான் திரும்ப வேண்டும்.

உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எட்டாம் வளைவில் பக்கத்து சீட் அம்மா
"கவர் இருக்கா பாப்பா, கவர்" என்று பதறினாள்.
மடியில் அவள் குழந்தை வெளுத்துப் போயிருந்தது.
காகிதங்களை உருவிக்கொண்டு
பிளாஸ்டிக் உறையைக் கொடுத்தேன்.

மிச்ச வழியெல்லாம் துப்பட்டாவுக்குள்
பூங்கொடிகள் மூவர், யாருடையதோ பதினோரு லட்சம்,
ஓர் ஒப்பம்.
மை காய்ந்துவிட்டதா என்று
விரலால் தொட்டுப் பார்த்தேன்.
காய்ந்திருந்தது.

திங்கள், மூன்றாம் ஜன்னல்,
ரெண்டு மணிக்கு மேல்.