தீர்த்தவர் பதவி

திங்களன்று திபிலீசித் தலைமையகத்திலிருந்து
புது அடையாள அட்டைகள் வந்தன.
நேற்றுவரை நான் உதவி மையம்.
இன்று, வாடிக்கையாளர் அனுபவப் பொறியாளர், நிலை ஒன்று.
நாற்காலி அதேதான்.
இடக்கைப் பிடியில் பஞ்சு பிதுங்குவதும் அப்படியே.

சம்பளம் பற்றி அட்டையில் ஒன்றுமில்லை.

என் தாளில் பதினொரு கேள்விகள்.
மோடத்தை அணைத்தீர்களா, முப்பது நொடி பொறுத்தீர்களா,
எந்த விளக்கு, என்ன நிறம்.
பதினொன்றும் தீர்ந்து விளக்கு இன்னும் சிவப்பென்றால்
அழைப்பு ஸ்வியாதுக்குப் போகும்.
அவன் இரண்டாம் நிலை. சுவிட்சுக்குள் நுழைவான்;
எனக்குக் கதவைப் பார்க்க மட்டும் அனுமதி.
ஆய்வாளனாக இருந்தவன் இப்போது வல்லுநன்.
இரண்டுக்கும் என்னடா வித்தியாசம் என்றேன்.
"ஆய்வாளன், பார்க்கிறேன் என்பான்.
வல்லுநன், பார்த்துவிட்டேன் என்பான்.
விஷயம் ரெண்டு பேருக்கும் தெரியாது."

எத்தேரி மூன்றாம் நிலை.
முகம் பார்த்ததில்லை, இருமல் பழக்கம்.
அவள் ஒரு வரியைத் திருத்தினால்
குத்தாயிசி முழுக்க ஒரு நொடி மூச்சடங்கி மீளும்.
அவளிடம் "வணக்கம்" சொல்லக்கூட
முதலில் டிக்கெட் எண் சொல்ல வேண்டும்.

நுக்சர் இந்த அடுக்கில் எங்கே?
அவனுக்கு ஏணி உண்டு, நிலை இல்லை.
அட்டையில் ஒரே சொல்: களம்.

அன்றிரவு ரியோனி ஆறு கரையைத் தின்னும் மழை.
இரண்டே முக்காலுக்கு ஹோனியிலிருந்து பெசாரியோன்,
ரொட்டிக் கடைக்காரர்.
இணைப்பு வருகிறது, போகிறது, வருகிறது.
விடிந்தால் ஆஸ்பத்திரிக்கு இருநூறு ரொட்டி,
ரசீது அடிக்காமல் வண்டி ஏற்ற முடியாது.
பதினொரு கேள்வியும் கேட்டேன்.
பதினொன்றுக்கும் பொறுமையாய்ப் பதில் சொன்னார்,
பின்னால் மாவு அறையும் சத்தம்.

டிக்கெட் மேலே ஏறியது.
ஸ்வியாத் எழுதினான்: போர்ட் துடிக்கிறது.
எத்தேரி எழுதினாள்: என் பக்கம் சுத்தம்.
டிக்கெட் கீழே இறங்கியது.
களம் எழுதியது: செஸ்தபோனி சாலையில் மண்சரிவு,
வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறேன், காலையில்.

நாலு பத்துக்கு மறுபடி மணி.
"அதே அம்மாதானே? கண்டுபிடிச்சிட்டேன்.
ஒயர் நுழையுற பெட்டி அடுப்புச் சுவர்ல இருக்கு.
சூட்டுல பிளாஸ்டிக் கொக்கி இளகிப் போச்சு.
விரலால அழுத்தினா பச்சை, விட்டா சிவப்பு.
இப்ப அழுத்திக்கிட்டு நிக்கிறேன்.
எவ்வளவு நேரம் நிக்கணும்?"

இந்தக் கேள்விக்கு என் தாளில் பதிலில்லை.
கையெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்றேன்.
விறகு, என்றார்.
ஒரு சிராய் எடுங்கள். சீவுங்கள். இன்னும் மெல்லியதாக.
செருகுங்கள்.
இப்போது விரலை எடுங்கள்.

மௌனம்.
பிறகு ரசீது இயந்திரம் கரகரக்கும் ஓசை,
ஆறேழு வருஷத்தில் நான் கேட்ட
மிக அழகான இரைச்சல்.

டிக்கெட்டை மூடப் போனேன்.
'தீர்த்தவர் பதவி' என்ற கட்டம் வழிமறித்தது.
கட்டாயம் நிரப்ப வேண்டும்.
பட்டியலில் ஏழு பதவிகள்.
வாடிக்கையாளர் இல்லை. ரொட்டி சுடுபவர் இல்லை.
'மற்றவை' சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது.
ஏழாவதைத் தொட்டேன்:
தலைமை உள்கட்டமைப்புச் சிற்பி.
கம்பெனியில் அந்த இடம் இரண்டு வருஷமாகக் காலி.

மாதக் கடைசியில் தலைமையகம் கேட்டது,
ஒரே டிக்கெட், ஒன்றரை மணி நேரம், திரும்பப் புகார் இல்லை,
யார் இந்தச் சிற்பி?
ஸ்வியாத் என்னைப் பார்த்தான்.
நான் அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

புதுக் கொக்கியோடு ஹோனிக்குப் போன நுக்சர்
அதே கொக்கியோடு திரும்பி வந்தான்,
கக்கத்தில் சூடு ஆறாத ஒரு ரொட்டி.
மாற்றவில்லையா?
"சிற்பி செருகினது. நான் யாரு பிடுங்க?"
என்று ரொட்டியைப் பிட்டு,
நிலை பார்க்காமல்
எல்லா மேசையிலும் வைத்தான்.