மைனஸ் மூன்று

ஜனவரியில் புயல் எச்சரிக்கை சிவப்பானபோது
ஏழாவது விருப்பத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன்.
மின்சாரம் போனது.
ஆறு விருப்பங்கள் அரசாங்கத்திடம்,
ஏழாவது என் விரல் நுனியில்.

குடும்பப் பெயர்: வெலாயுதோன்.
கப்பலிறங்கிய நாளில் ஒரு குமாஸ்தா செய்த பிழை,
ஐந்து தலைமுறையாக
யாரும் திருத்தாமலே ஓடிக்கொண்டிருக்கிறது.
பெயர்: நதாலி சிவகாமி.
படிக்க விரும்புவது: மென்பொருள்.
ஏன்? ஆயிரத்து ஐந்நூறு எழுத்துகளுக்குள்.

'சிறு வயது முதலே' என்று தொடங்கினேன். அழித்தேன்.
சிறு வயதில் எனக்குப் பிடித்தது பல்லி பிடிப்பது.
'எதிர்காலம்' என்ற சொல்லை மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தேன்;
மூன்றிலும் விளம்பரப் பலகைபோல் நின்றது.

உண்மையான காரணம் ஒரு சமூசா.

ஷாம்-போர்ன் கடலோரத்தில் அப்பாவின் உணவு வண்டிக்கு
நானே எழுதிக் கொடுத்த கல்லாக் கணக்கு நிரல்.
நூற்றுப் பதினோரு வரி, திரை கீறிய டேப்லெட்டில்.
ஓராண்டு ஒழுங்காய்க் கூட்டியது.
பிறகு ஒரு ஞாயிறு இரவு சொன்னது:
இன்று விற்ற சமூசா, மைனஸ் மூன்று.

அப்பா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.
"ஒன்றும் விற்காமல் இருக்கலாம்.
அதற்கும் கீழே எப்படிப் போவது?"
வரி வரியாய் இறங்கிப் போய்த் தேடினேன், விடியும்வரை.
எங்கேயும் ஓட்டையில்லை.

இதைத்தான் கடிதத்தில் எழுதினேன்.
முடித்தபோது முப்பத்திரண்டு எழுத்து மீதியிருந்தது.
'வணக்கத்துடன்' என்று போட்டேன்.

ஜூனில் பதில்கள் வந்தன.
லியோனில் தனியார் பள்ளி: ஆம்.
கட்டணம் மட்டும் அந்த 'ஆம்'ஐ விடச் சின்ன எழுத்தில்.
மோன்பெலியே: காத்திருக்கவும், உங்களுக்கு முன்னால் இருநூற்றுப் பதினான்கு பேர்.
துலூஸ்: ஆம். பதினோரு மணி நேர விமானம்,
நான் இதுவரை வாங்கியே இராத கம்பளிக் கோட்டு.
இங்கேயே, மூஃபியாவில், பல்கலைக்கழகம்:
ஆம், எனில்.
எனில், கணக்கில் கூடுதல் வகுப்புக்கு வர வேண்டும்.

"ஆம்களிலேயே மட்டமான ஆம்" என்று சிரித்தான் தம்பி கிலியன்.
ஒசேயான் துலூஸ் என்றாள். அவளும் அங்கேதான்;
வாடகையைப் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம்,
குளிரையும்.
இரண்டு பாடத்திட்டத்தையும் அச்செடுத்து
சாப்பாட்டு மேசையில் பரப்பினேன்.
அல்காரிதம், தரவுத்தளம், வலையமைப்பு.
ஒரே குழம்பு, இரண்டு கடை.
மூன்று நாள் சுற்றி நின்று சாப்பிட்டோம்,
மேசையைத் தொடாமல்.

கடைசி நாள் வியாழன், நள்ளிரவுவரை.
அன்று மாலை வண்டிக்கு வந்த மெஸ்யூ க்ரோந்தேன்
பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொன்றாய் முகர்ந்தார்.
"இது சீஸ்தானே? அன்றைக்குச் சனிக்கிழமை
மீன் சமூசாவைக் கட்டிவிட்டீர்கள்.
ஞாயிறு மூன்றையும் திருப்பிக் கொண்டுவந்தேனே,
அந்த மழையில்."

மழை. ஆமாம்.
அந்த ஞாயிறு வேறு ஒன்றும் விற்கவில்லை.
நிரல் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.
போனது ஒரு நாளில், திரும்பியது இன்னொரு நாளில்.
திரும்பி வருவதற்கு ஒரு பொத்தான் வைத்திருந்தேன்.
ஓர் இடம் வைக்கவில்லை.

கடல் பக்கம் பார்த்தேன்.
இருட்டில் அலை வெள்ளையாய் எழும்புவது மட்டும் தெரிந்தது.

பதினொன்றே முக்காலுக்கு
'ஆம், எனில்' மீது அழுத்தினேன்.
ஏன் என்று அந்தப் பெட்டி கேட்கவில்லை.
துலூஸில் என் நாற்காலி அடுத்த பெயருக்கு நகர்ந்திருக்கும்;
அந்தப் பெயரும் இந்நேரம் தூங்காமல்
திரையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்.

"என்ன நிபந்தனையாம்?"
எண்ணெயை வடிகட்டியபடி அப்பா கேட்டார்.
"கழித்தல் கற்றுக்கொள்ள வேண்டுமாம்."
ஆறிப்போன மூன்று சமூசாவைத் தாளில் வைத்து
என் பக்கம் தள்ளினார்.
"இதை எந்த நாளில் எழுதுவாய்?"
மணி பதினொன்று ஐம்பத்தொன்பது.