உங்கள் தலைப்பை இங்கே எழுதவும்

வில்யாந்தியில் ஜனவரி மாதம்
நாலு மணிக்குள் இருட்டிவிடும்.
இருட்டியபின் கூரை ஏறாதே என்பது
புகைபோக்கி துடைக்கும் எங்கள் தொழிலின் முதல் பாடம்.
ஆகவே மாலைகள் எனக்கு மிச்சம்.
ஆகவே இந்த லேப்டாப், பன்னிரண்டு தவணையில்.

ஒரு வரி நிரலும் எழுத வேண்டாம் என்றது திரை.
இழுங்கள், விடுங்கள், அவ்வளவுதான்.
இழுப்பதும் விடுவதும் எனக்குத் தெரியாததா?
இருபத்திரண்டு வருஷமாய்
கயிற்று நுனியில் இரும்புக் குண்டைக் கட்டி
அடுத்தவர் வீட்டு இருட்டுக்குள் விடுகிறேன்,
இழுக்கிறேன்.

மாதிரிப் பக்கங்கள் நாற்பது.
நாற்பதும் வெள்ளை.
ஒன்றைத் தொட்டேன். தொட்டதும்
வெள்ளைச் சோபாவில் காபிக் கோப்பையோடு ஒருத்தி
என்னைப் பார்த்துச் சிரித்தாள்.
அவளுக்குக் கீழே
யாருக்கும் புரியாத லத்தீனில் ஒரு பத்தி.
தொலைபேசி எண்ணுக்கு ஒரு பெட்டி இருந்தது.
தெரிந்தது அது ஒன்றுதான்; நிரப்பினேன்.

பெட்டியை இழுத்தால்
ஒரு நீலக் கோடு முளைக்கிறது:
விட்டால் இங்கேதான் விழும் என்று.
பனி உறைந்த ஓடுகளின்மேல்
எனக்கு யாரும் அப்படிக் கோடு காட்டியதில்லை.
இருந்தும் என் ஏணிப் படம்
விலைப்பட்டியலுக்குள் போய் விழுந்தது.
விலைப்பட்டியல் சோபாக்காரியின் மடிக்குப் போனது.
மூலையில் வளைந்த ஓர் அம்பு: செயல்தவிர்.
பதினேழு முறை அழுத்தினேன்.
பதினேழு முறையும் அது கோபித்துக்கொள்ளவில்லை.

பிறகு அந்தக் கறுப்புப் புள்ளி.

பக்கத்தின் நட்டநடுவில், திராட்சை அளவில்.
தேர்ந்தெடுத்துப் பார்த்தேன், அசையவில்லை.
நீக்கு என்றேன், நீங்கவில்லை.
மாதிரியை மாற்றினால்
புது மாதிரியிலும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது.
உதவிக் குறிப்புகளை அரைமணி நேரம் மேய்ந்தபின்
கண்ணாடியைக் கழற்றிக் குனிந்து பார்த்தேன்.
ரேகை தெரிந்தது.
என் கட்டைவிரல்தான்.

சட்டைக் கையால் துடைத்தேன். இன்னும் பரவியது.
அந்தப் பரபரப்பில்
முன்னோட்டம் என்று நினைத்து
பக்கத்துப் பொத்தானை அழுத்திவிட்டேன்.
வாழ்த்துகள், என்றது திரை,
நீங்கள் இப்போது உலகத்தின் முன்.
மூடி வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலை ஏழேகாலுக்கு மணி அடித்தது.
"உங்கள் பெயர் இங்கே அவர்களா பேசுவது?"
"யாரு?"
"அப்படித்தான் போட்டிருக்கிறது.
உங்கள் தலைப்பை இங்கே எழுதவும்,
அதற்குக் கீழே உங்கள் பெயர் இங்கே.
நான் சூரே-யானியிலிருந்து லெய்லி பார்ன்.
அடுப்பு மூட்டினால் புகை வீட்டுக்குள் வருகிறது.
பூனை கோபித்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டது."
அவள் குரலில் சிரிப்பே இல்லை.
பெயரைவிடப் புகைதான் அவளுக்கு முக்கியம்.

போனேன். காக்கைக் கூடு.
மூன்று வருஷச் சுள்ளி, ஒரு கம்பளிக் கையுறை,
சாக்லேட் காகிதம்.
குண்டை விட்டேன். இழுத்தேன். விட்டேன்.
செயல்தவிர்க்க முடியாத சத்தத்தோடு
மொத்தமும் அடுப்படியில் விழுந்தது.
புகை மேலே போனது.
பூனை மட்டும் வரவில்லை.

அன்றிரவு கையைச் சோப்பில் இரண்டு முறை கழுவிவிட்டு
தலைப்புப் பெட்டிக்குள் எழுதினேன்:
புகை வீட்டுக்குள் வந்தால் கூப்பிடுங்கள். ஊர்வே.
சோபாக்காரியை நீக்கத் தெரிந்துவிட்டது,
நீக்கவில்லை. அவ்வளவு வெள்ளையாய் வீடு வைத்திருப்பவள்
என் வாடிக்கையாளராகத்தான் இருப்பாள்.
லத்தீனும் இருக்கட்டும்.
போப்பாண்டவர் வீட்டிலும் புகைபோக்கி உண்டு.

கைப்பேசிப் பார்வையில்
என் ஏணி இன்னும் பாதியில் வெட்டுப்படுகிறது.
மேல் பாதி ஒரு திரையில்,
கீழ் பாதி அடுத்த திரையில்.
நடுவில் எங்கே கால் வைப்பது என்று
நாளை பார்க்க வேண்டும்,
நாலு மணிக்குப் பிறகு.