விதி பதினொன்று

களியக்காவிளையில் கரண்ட் போனால்
இஞ்சிவிளையில் போகாது.
அது வேறு வாரியம், வேறு கம்பி,
திட்டுவதற்கும் வேறு ஆள்.

ஐஸ் பிளாண்டில் எனக்கு இரவு ஷிப்ட்.
கம்ப்ரசர் நின்றால் காது அடைத்துக்கொள்ளும்.
உப்புத்தண்ணீர்த் தொட்டியில் நூற்றிருபது கட்டிகள்
பாதி உறைந்து, பாதி யோசித்து நிற்கின்றன.
ஜெனரேட்டர் டீசலுக்கு முதலாளி எழுந்து வர வேண்டும்.
தேங்காய்ப்பட்டணம் மீன்வண்டி நாலு மணிக்கு.
இப்போது ஒன்று நாற்பது.
போனில் நான்கு சதவீதம்.

பருவம் முடிய இன்னும் எண்பது நிமிடம்.

விதி சுருக்கம்தான், சொல்லிவிடுகிறேன்:
நூற்றுக்கு அறுபது கட்டம் ஒரே கொடியின் கீழ்.
கூட்டாளியின் நிலம் கூட்டலில் சேராது.
ஆறு மணி நேரம் ஆள் வராத கட்டம் சாம்பலாகும்.
வேண்டுமென்றால் 'ஒப்படை' என்றொரு பொத்தான் உண்டு,
ஒப்படைத்தவன் பெயர் வெற்றிப் பட்டியலில் வராது.
விதி பதினொன்றை யாரும் வாசிப்பதில்லை.

அங்கே என் பெயர் ஐஸ்.
என்னிடம் முப்பத்தெட்டு.
கரிமூர்க்கனிடம் இருபத்துநான்கு.
கூட்டிப் பாருங்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

எழுபது நாள் ஆற்றங்கரை நெடுக
அவன் படையும் என் படையும் தோளுரச நின்றன.
என் சுவர் இடிந்த இரவில் மரம் அனுப்பினான்.
அவனுக்குப் பனி விழுந்தபோது நான் கோதுமை.
அவன் எழுதுவது தமிழ்போல் தொடங்கி
மலையாளமாய் முடியும். நான் எழுதுவது
அவனுக்கு என்னவாய்க் கேட்டதோ.
முகம் தெரியாது, கரண்ட் போகும் நேரம் தெரியும்:
எனக்கு விளக்கெரியும்போது அவன் காணாமல் போவான்,
அவன் இருக்கும்போது நான்.
அப்படித்தான் ஊகித்தேன்
அந்தப் பக்கத்து ஆள் என்று.

மூன்று நாளாய் இருவரும் அதைத் தவிர
எல்லாம் பேசினோம்.
'சாப்பிட்டாச்சா' என்றேன். 'கழிச்சு' என்றான்.
ஒப்படை என்ற சொல்லை எடுப்பவன்தானே
கேட்டவனாகிவிடுவான்.

இரண்டரைக்கு, இரண்டு சதவீதத்தில் கிளம்பினேன்.
செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் தூக்கக் கலக்கத்தில்
வாழைக்குலை லாரிக்குக் கையசைத்தார்,
எனக்கும் அதே அசைவு.
ஐம்பத்தாறில் யார் அமுக்கினார்களோ பொத்தானை,
சந்தை வரைக்கும் ஒரு நிறம்,
லாட்டரிக் கடையிலிருந்து இன்னொன்று.

தட்டுக்கடையில் குழல்விளக்கு, கட்டன்சாயா.
கல்லாவில் ஒல்லியாய் ஒருவன்,
எண்ணெய்க் கையை லுங்கியில் துடைத்தபடி
'சார்ஜரோ? ஊரி எடுத்தோ' என்று
தன் போனிலிருந்ததைக் காட்டினான்.
போன் சீனி டப்பாவில் சாய்ந்திருந்தது.
திரையில் என் ஆறு.

என் வடக்குச் சுவரை
எதிர்க்கரையிலிருந்து நான் பார்த்ததே இல்லை.
எவ்வளவு மெலிசு! ஒரு தள்ளுக்குத் தாங்காது.
எழுபது நாளும் இதைப் பார்த்துக்கொண்டுதான்
மரம் அனுப்பியிருக்கிறான்.

அவன் பெருவிரல் வலது மூலையில் நின்றது.
அங்கேதான் 'தாக்கு'.
அதன் அடியில் 'ஒப்படை'.
ஒரு நகம் தூரம்.

டபுள் ஆம்லேட் என்றேன்.
விரலை எடுத்துக்கொண்டு முட்டை உடைக்கப் போனான்.

மூன்று மணிக்கு அவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.
நான் அவன் சார்ஜரில் ஒன்பது சதவீதம்.
என் விரலும் அதே மூலையில்தான் இருந்தது,
எந்தப் பொத்தானின் மேல் என்று
இப்போது சொல்லி என்ன ஆக.
விதி பதினொன்று: யாரும் அறுபதைத் தொடாவிட்டால்
நிலம் யாருக்கும் இல்லை.
இரண்டு திரையும் ஒரே நொடியில் சாம்பலாயின.

எட்டித் தன் போனைப் பார்த்தான். பிறகு என்னுடையதை.
'ஐயோ' என்றானா, 'ஐஸோ' என்றானா,
அடுப்பின் இரைச்சலில் பிடிபடவில்லை.

ஆம்லேட்டுக்கு ஐம்பது.
ஐம்பதையும் வாங்கிக்கொண்டான்.

திரும்பி வரும்போது
எங்கள் பக்கம் விளக்கு வந்தது,
தூரத்தில் கம்ப்ரசர் இருமி எழுந்தது.
கட்டிகளின் நடுவில் இன்னும் தண்ணீர்தான் இருக்கும்.
நாலு மணி வண்டிக்காரனிடம்
என்ன சொல்வது.