மயிரிழையில் ஏழில் ஒன்று

எய்பாருக்கு அகலம் கிடையாது.
மலைக்கும் மலைக்கும் நடுவே
செருகி வைத்த ஊர்.
மேலே வீடு, கீழே பட்டறை.
துவைத்துப் போட்ட துணியிலும்
கொஞ்சம் எண்ணெய் வாசம்.

பதினெட்டு வருடம் இங்கே முடி வெட்டினேன்.
கடையை வங்கி எடுத்துக்கொண்டதும்
நகராட்சி இரவு வகுப்பில் பெயர் கொடுத்தேன்.
மதலேன் இரியோண்டோ. வயது நாற்பத்தாறு.
முன் அனுபவம்?
கத்தரி, என்றேன்.
எழுதிக்கொண்டார்கள்.

முதல் வாரம் முழுக்க அரம்.
இரும்புக் கட்டியைத் தட்டையாக்கச் சொன்னார்கள்.
நான் ராவியதெல்லாம்
நடுவில் தொப்பை போட்டது.

பிறகு லேத்.
சக்கில் சாவியை விட்டுக் கை எடுக்காதே.
சுருளைக் கையால் தொடாதே.
சுருளா?
நீலமும் வைக்கோல் நிறமுமாய்
உளியிலிருந்து சுடச்சுட இறங்கியதை
விரலில் சுற்றிப் பார்க்கத்தான் செய்தேன்.
மூன்று தையல்.
பதினெட்டு வருடத்தில்
எந்தச் சுருளும் என்னைக் கடித்ததில்லை.

மைக்ரோமீட்டர் கைக்கு வந்த அன்று
எல்லாரும் காகிதத்தை அளந்தார்கள்.
நான் சீப்பிலிருந்து ஒரு முடியை எடுத்தேன்:
மில்லிமீட்டரில் நூறில் ஏழு.
வரைபடம் கேட்டதோ நூறில் ஒன்று.
மயிரிழையில் தப்பினான் என்று
இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.
இங்கே அது
லாரி திரும்புகிற அகலம்.

என் முதல் தண்டு
கடைந்து நிறுத்திய கையோடு அளந்தேன்.
இருபத்தைந்து, அச்சாக.
இஷோனேயைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
மறுநாள் குறைந்திருந்தது.
யாரும் தொடவில்லை.
அடித்து ஏற்ற வேண்டிய பேரிங்
இரவல் மோதிரம் போலத்
தானே வழுக்கிப் போனது.
ஆறினால் இரும்பு சுருங்குமாம்.

இதை எத்தனை நெற்றிகளுக்கு
நானே சொல்லியிருக்கிறேன்:
ஈரத்தில் அளக்காதே, அம்மா,
காய்ந்தால் மேலே ஏறிக்கொள்ளும்.

இப்போதெல்லாம் கடைசி வெட்டுக்கு முன்
நிறுத்திவிடுகிறேன். ஆறட்டும்.
அப்படி ஆறவிட்ட ஒரு வியாழக்கிழமை
இஷோனே தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.
வலைக்குள் அடங்காத முடி.
சுழல்கிற தண்டுக்கு அது
எவ்வளவு பக்கத்தில் போயிற்றென்று
அவள் சொல்லவில்லை.
முகம் மட்டும் வெளுத்திருந்தது.
"காதுவரை," என்று ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

கத்தரி பையில் இருந்தது, எப்போதும் போல.
போன வாரம் கிரைண்டரில் பிடித்தேன்.
கொஞ்சம் அதிகம் தீட்டிவிட்டேன் போல,
இழுக்கிறது.
அவள் முனகினாள். வெட்டினேன்.

பெருக்கி அள்ளும்போதுதான் பார்த்தேன்,
தொட்டிகள் மூன்று:
இரும்பு, பித்தளை, அலுமினியம்.
முறத்தோடு கொஞ்ச நேரம் நின்றேன்.

தண்டு ஆறியிருந்தது.
நூறில் மூன்று மிச்சம்,
அரை மயிரிழைக்கும் குறைவு.
கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.