ரொட்டி இல்லாத கொத்து

கிளினிக் கொப்பியில் சிவப்புப் பேனை
வெறுவயிற்றில் இருநூற்றுப் பதினாலு என்று எழுதி
கீழே ஒரு கோடும் இழுத்துவிட்டது.
"சோறு ஒரு கைப்பிடி. அதுவும் மத்தியானம் மட்டும்."
அந்தத் தாதிப் பிள்ளைக்குத் தெரியாது
எங்கள் வீட்டில் கட்டிலுக்குக் கீழேயும் நெல்.
விலை ஏறட்டும் என்று வைத்த நாற்பத்திரண்டு மூட்டை.

வட்டக்கச்சியில் இருந்துகொண்டு
சோறில்லாமல் என்னத்தைத் தின்கிறது?
பஸ்ஸில் வரும்போது கேட்டுக்கொண்டே வந்தேன்,
ஆரிடம் என்றில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்மசீலன் குசினிக்குள் போனார்.
கோழி நெஞ்சிறைச்சி அரைக்கிலோ,
பலகை, கத்தி.
கொத்தத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை.
இறைச்சி எப்போதோ பதமாகிவிட்டது,
கத்தி மட்டும் விழுந்துகொண்டே இருந்தது.
பக்கத்துக் காணிக்காரர் வேலிக்கு மேலால் கேட்டார்:
"கொத்துரொட்டியோ?"
"ஓம். ரொட்டி இல்லாத கொத்து."

பாங்கொக்கில் இருந்த நாலு வருசத்தைப் பற்றி
இவர் சொன்னது இவ்வளவும்தான்:
மழை. அறை. ஃபைல் மூடியாச்சு என்ற கடிதம்.
மிச்சத்தை நான் கேட்கவில்லை.

எண்ணெய் இல்லை.
ஒரு கை தண்ணீர் தெளித்து
தாச்சியில் இறைச்சி வெளுக்கும்வரை பிரட்டினார்.
தேங்காய்ப்பால் எடுக்கட்டோ என்றேன்,
தலையை ஆட்டினார்.
அடுப்பை அணைத்த பிறகுதான்
சமைக்கவே தொடங்கினார்:
தேசிக்காய் மூன்று.
சின்ன வெங்காயம் நீளவாக்கில்.
சுட்டு நொறுக்கிய செத்தல் மிளகாய்.
கிளிநொச்சிச் சந்தையில் மீன் சோஸ் கேட்டால்
தக்காளிச் சோஸ் எடுத்து நீட்டுவார்கள்,
அதனால் நெத்தலிக் கருவாடு அவித்து வடித்த தண்ணி.
புதினாவை வெட்டாமல்
கிள்ளிக் கிள்ளிப் போட்டார்.

"ஆர் பழக்கினது?"
"சம்லீ. கீழறையில இருந்தவ."
வயது கேட்டேன்.
வெங்காயம் வெட்டினார்.

பிறகு, ஒரு கரண்டி அரிசி தா என்றார்.
பச்சை அரிசி, ஊறாதது.
"இதுக்குள்ளயும் சோறோ?"
"சோறில்லை. வாசம்."
அரிசி வறுப்பதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.
நெருப்பைக் குறைத்து, அகப்பையை ஓயவிடாமல்
மொட்டைக்கறுப்பன் இன்னும் கறுக்கும்வரை வறுத்து
சுடச்சுட உரலில் இட்டேன்.
நாற்பத்திரண்டு மூட்டை கிடக்கிற வீட்டில்
உள்ளங்கை நிறையாத தூள்.
அதிலும் எனக்கு ஒரு தேக்கரண்டி என்று
அளந்து தூவினார்,
நகைக்கடைக்காரனைப் போல.

கோவா இலையில் அள்ளி
வெற்றிலை மாதிரி மடித்து வாயில் வைத்தேன்.
புளிப்பு முன்னுக்கு வந்தது.
உறைப்பு காதுப் பக்கத்தால் வந்தது.
எல்லாம் அடங்கிய பிறகு
பல்லிடுக்கில் நறநறவென்று
என்னுடைய வயல்.

"இதுக்கென்ன பேர்?"
"லாப்."
"லாபமோ?"
"அங்கேயும் அப்பிடித்தானாம். ஒரே சத்தம்,
அதிர்ஷ்டம் எண்டும் கருத்தாம்.
வருசப்பிறப்புக்கு எல்லாரும் சாப்பிடுவினம்."
இந்தப் போகத்தில் அந்தச் சொல்
எங்கள் வீட்டுக்குள் வந்தது இதுதான் முதல்தரம்.
இருவரும் சிரித்தோம்.
புரையேறி எனக்குக் கண்ணால் தண்ணி.

பலகையைக் கழுவிக்கொண்டு
சுவருக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார்:
"குடிவரவுக்காரர் படியேறி வந்த அண்டைக்கு
சம்லீதான் தன்ர அறைக்குள்ள இழுத்துக்
கத்தியைக் கையில தந்தவ.
குனிஞ்சுகொண்டு கொத்து, நிப்பாட்டாதை எண்டு சைகை.
கொத்தினன்.
வாசல்வரைக்கும் வந்தவங்கள்.
இறைச்சி கொத்துறவனை
ஆர் நீ எண்டு ஒருத்தனும் கேக்கேல்லை."

குழாய் கொஞ்ச நேரம் சும்மா ஓடியது.
நான் இரண்டாவது இலையை எடுத்தேன்.
"தேசிக்காய் காணாது" என்றேன்.
இன்னொன்றை வெட்டிப் பிழிந்தார்.