நாலு நிமிஷம் ஃபாஸ்ட்

ஒன்பதே காலுக்குக் கரண்ட் போச்சு.
போன் அதற்கு முன்னாலேயே செத்திருந்தது.
வியாசர்பாடியில், எங்கள் சந்தில்
மணி தெரிந்தது என் இடது கையில் மட்டும்.

பர்மா பஜாரில் நூற்றெண்பது ரூபாய்.
ஜீவா ஸ்டேஷனில் ஆறு இருபதைத் தவறவிடாமலிருக்க
நாலு நிமிஷம் கூட்டி வைத்திருக்கிறேன்,
என்னை நானே ஏமாற்றிக்கொள்ள.

தண்ணி வாசப்படி ஏறினதும்
சாக்கட்டியால் ஒரு கோடு, பக்கத்தில் 11.10.
பூசாத சுவர்; செங்கல் எண்ணலாம்.
11.40க்கு ஒன்று.
12.10க்கு இன்னொன்று.
12.30க்கே மூன்றாவது.

"புழலத் திறந்துட்டாங்களாம்."
"யாரு சொன்னா? திறக்கல."
"விடிஞ்சா வடிஞ்சிடும், படு."

தப்பான மணிதான்.
ஆனால் தப்பு ஒரே அளவாக இருந்தால்
கழித்தலில் காணாமல் போய்விடும்.

பக்கத்து வீட்டுக் கட்டில் ஆறு செங்கல் உயரம்.
அதன்மேல் பிலோமினா அக்காவின் புருஷன்,
ஸ்டான்லியில் போட்ட மாவுக்கட்டோடு.
மாடிப்படி ஒருவர் மட்டுமே ஏறும் அகலம்.
தூக்க நாலு பேர் வேண்டும். இருட்டு வேறு.
"விடியற வரைக்கும் இல்லக்கா, இப்பவே"
என்று நான் கத்தியது
எனக்கே புதுக் குரலாக இருந்தது.

மொட்டை மாடியில், தார்ப்பாய்க்கு அடியில்
இருதயராஜ் கேட்டார்: "மணி என்னம்மா?"
ஒன்று இருபத்தாறு.
"ஒன்னு இருபத்திரண்டு" என்றேன்.

கீழே அவர் கட்டில்
சுவரில் போய் முட்டுகிறது.
ஏழு வினாடிக்கு ஒருமுறை.
நிறுத்த முடியவில்லை,
எண்ணிக்கொண்டே இருக்கிறேன்.